வெள்ளச்சிக்கு முழுப்பேர்

சேவலை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு மாமனாராக வாய்த்தார். அது நான் செய்த புண்ணியமா, அவர் செய்த பாவமா என்று இருபது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நமுனுகுல மலையடியில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "பெரட்டு மாமா வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். பெரட்டு என்றால் என்னவென்று தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதுளைக் கடைவீதியில் என்னைப்போலத் துணி மடித்துப் பிழைத்தவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்தும் விடியாததுமாகக் கொம்பு ஊதி, லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து ஆட்களைக் கிளப்பிக் குளிரில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று விரட்டுவதுதான் பெரட்டு. ஒழுங்காக வேலை செய்தவருக்கு அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. பிந்தி வந்தவருக்கும் சுணங்கி நின்றவருக்கும் அரைப்பேர். ஆட்களை மேய்க்கிற கங்காணியின் வாயிலிருந்து என்ன விழுகிறதோ அதுதான் அன்றைய தலையெழுத்து.

மாமா முப்பது வருஷம் கங்காணியாக இருந்தவர். தோட்டத்தை விட்டு இறங்கி, அடிவாரத்தில் நாலு தட்டு வயலும் ஒரு மாட்டுக்கொட்டிலுமாகக் குடியேறிய பிறகும் அவரால் கொம்பைக் கீழே வைக்க முடியவில்லை. பெயர் கூப்பிட ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் என்ன, ஆடு மாடு இருக்கிறதே!

எருமைக் கடாக்கள் இரண்டு. தோட்டத்து மேலதிகாரிகள் கணக்கில் ஒன்றுக்குப் பெரியதொரை என்று பெயர், மற்றதற்குச் சின்னத்தொரை. ஆடுகள் ஒன்பதும் சேர்ந்து "கொழுந்து கேங்". பச்சையைக் கண்டால் இரண்டு இலை ஒரு குருத்தாக அவை கிள்ளுகிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பெயரின் நியாயம் புரியும். சேவலுக்கு, தோட்டத்து மேற்பார்வையாளரைப்போல, கண்டாக்கையா என்று பெயர். "அவருதான் ஒரு வேலையும் செய்யாம, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சத்தம் போட்டுக்கிட்டு மலை சுத்துறவரு" என்பார் மாமா.

ஒருநாள் நிஜமான சின்னத்தொரை குதிரையில் எங்கள் வேலியோரமாக வந்தார். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் பெரட்டு நடக்கிறது.

"டேய் சின்னத்தொரை! நேத்து பூராவும் சேத்துல படுத்துக் கெடந்துட்டு இன்னைக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிறியா? ஒனக்கு அரைப்பேர்கூடக் கெடையாதுடா!"

குதிரை நின்றது. தொரைமார் தமிழ் படித்துத்தான் தோட்டத்துக்கு வருகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வைக்கோலுக்குள் புகுந்துவிட்டேன். மாமாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அடுத்து அத்தையை, மூன்றாவது என்னை என்று வரிசைகூடப் போட்டுவிட்டேன். மாமாவோ தலைப்பாகையைக் கழற்றி நிதானமாகச் சலாம் வைத்தார்.

"சலாமுங்க தொரை! நம்ம எருமைங்க. ஒங்க ஞாபகமா வச்ச பேருங்க. ரொம்ப நல்ல சாதிங்க."

சின்னத்தொரை எருமையைப் பார்த்தார். எருமை சின்னத்தொரையைப் பார்த்தது. யார் முதலில் கண்ணை எடுப்பார்கள் என்று வைக்கோலுக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தொரைதான் எடுத்தார். "நல்ல எருமை" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

சரி, நான் எப்படி அந்த வரிசைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். மனைவி பாக்கியத்தோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் தலைவாழை இலையும் வெந்நீரும் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் காலை கொம்புச் சத்தம் கேட்டு, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். தீக்கு எதற்குக் குடை என்று கேட்காதீர்கள். பயந்துபோனால் நான் குடையைத்தான் எடுப்பேன்.

முற்றத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். மாமா பெயர் கூப்பிடுகிறார். முதலில் அத்தை. "இருக்கேன், இருக்கேன். ஒல கொதிக்குது, சீக்கிரம் விடுங்க." பிறகு பாக்கியம். பிறகு எருமைகள், ஆடுகள், கோழிகள். பிறகு கண்டாக்கையா. அவர் கழுத்தை நீட்டிக் கூவியே பதில் சொன்னார். அதற்கும் அடுத்தபடியாக,

"மாப்பிள்ளை!"

"இருக்கேன் மாமா."

"பிந்தி வந்திருக்கீங்க. அரைப்பேர்."

"மாமா, நான் மாப்பிள்ளையாச்சே…"

"சின்னத்தொரைக்கே அரைப்பேர் போட்டவன் நானு. ஒங்களுக்கு என்னங்க?"

அரைப்பேர் என்றால் அந்த வீட்டில் அரை வயிறு. சின்ன முட்டை போட்ட கோழிக்குப் பாதிக் கை அரிசி. எனக்குப் பாதித் தட்டுச் சோறு. நல்ல வேளை, அத்தை கருணைக்காரி. மாமா பார்க்கும்படி பாதிச் சோற்றை மேலே வைத்து, மீதியைக் கீரைக்கு அடியில் புதைத்துக் கொடுப்பாள். அப்படி ஒன்றரை வருஷம் நான் புதையல் எடுத்தே சாப்பிட்டேன். ஏனென்றால் அந்த ஒன்றரை வருஷமும் எனக்கு ஒருநாள்கூட முழுப்பேர் விழவில்லை. எருமைக்குப் பக்கத்தில் போகமாட்டேன், அட்டையைக் கண்டால் குதிப்பேன், ஆடு முறைத்தால் வழிவிடுவேன். எந்தக் கங்காணி கொடுப்பார்?

என் பெயருக்குப் பிறகும் வரிசையில் ஒரு பெயர் இருந்தது.

"வெள்ளச்சி!"

பதில் இல்லை. முதல் நாள் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஆடு கோழி எல்லாம்கூடச் சத்தம் காட்டாமல் நின்றன. மாமா பத்து எண்ணும் நேரம் சும்மா நின்றார். பிறகு அந்த மலையே கேட்கிற மாதிரி, "முழுப்பேர்!" என்றார். கொம்பை இடுப்பில் செருகினார். பெரட்டு கலைந்தது.

"வெள்ளச்சி யாரு?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"பசு. செத்து நாலு வருஷமாச்சு."

"செத்த மாட்டுக்கு முழுப்பேர், உசிரோட நிக்கிற எனக்கு அரைப்பேரா?"

"அது வேலை செஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டுப்பால் கறக்கப் போய்விட்டாள்.

இனி அந்த அறுப்புக் கதை.

இரண்டாவது வருஷம் வயல் நன்றாக விளைந்திருந்தது. மாமா வரப்பில் நின்று ஐந்து நாள் கத்திக் கத்தி அறுப்பை முடித்தார். கதிர்க்கட்டெல்லாம் களத்தில் மலைபோல் குவிந்திருந்தன. மறுநாள் எருமைகளை விட்டு மிதித்து நெல்லைப் பிரித்துவிட்டால், வீட்டுக்கு ஒரு வருஷச் சோறு. ஈரம் பட்டால் கதிரிலேயே முளைத்துவிடும், பிறகு அது கோழிக்குக்கூட ஆகாது.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் நமுனுகுல மலை இருந்த இடத்தில் மலை இல்லை, கறுப்பு மேகம் உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய செய்தி வீட்டுக்குள் இருந்தது. மாமாவுக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. அத்தை மிளகுக் கஷாயம் வைத்தாள். காற்று கொஞ்சம் காரமாக வந்தது, அவ்வளவுதான்.

மாமா கொம்பை எடுத்தார். என்னைப் பார்த்தார். கொம்பை என் கையில் வைத்தார்.

ஐயா, எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மூன்று தரம் ஊதினேன். முதல் இரண்டும் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது கேட்டது. பெயர் கூப்பிட்டேன். அத்தை "இருக்கேன் மாப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியதொரை, சின்னத்தொரை, கேங், கோழி, கண்டாக்கையா. என் பெயரை நானே கூப்பிட்டு, நானே "இருக்கேன்" என்று சொல்லி, எனக்கு நானே முழுப்பேர் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்து, மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். செத்த மாட்டைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க நான் என்ன பைத்தியமா? "பெரட்டு முடிஞ்சுது, எல்லாம் வேலைக்குப் போங்க!" என்றேன்.

ஆடுகள் போயின. கோழிகள் போயின. எருமை இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

"ஏய், ஹோய்" என்றேன். நின்றன. குடையால் தூரத்திலிருந்து குத்தினேன். சின்னத்தொரை திரும்பிப் பார்த்தது. நான் கொட்டிலைத் தாண்டிப் போய் நின்றேன். பாக்கியம் வாலை முறுக்கினாள். அத்தை பிண்ணாக்கை நீட்டினாள். பிண்ணாக்கு மட்டும் போயிற்று. மலைப்பக்கம் ஒரு இடி உருண்டது.

"ரெண்டுக்கும் சீக்கு வந்திருச்சு!" என்று நான் கத்தினேன். "இல்ல, பாம்பு கடிச்சிருக்கும்! அத்தை, வெஷம் ஏறிருச்சு, பாருங்க, அசையவே மாட்டேங்குதுங்க!"

"ஒங்களுக்குத்தான் ஏறியிருக்கு" என்றாள் பாக்கியம்.

மாமா முற்றத்து நடுவில் நின்று சைகை காட்டத் தொடங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்து வளைத்தார். எருமையின் கொம்பு என்று எடுத்துக்கொண்டு, "அதான் தெரியுதே மாமா, எருமைதான்!" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். தன் வெள்ளை வேட்டியைப் பிடித்து உதறிக் காட்டினார். "வேட்டி மாத்தணுமா மாமா? இப்பவா?" என்றேன். அவர் வாயைத் திறந்து என்னைத் திட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இவ்வளவு வலித்த திட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை.

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அத்தையும் பாக்கியமும் வீட்டில் இருந்த பாய் படுக்கையெல்லாம் வாரிக்கொண்டு கதிரை மூடக் களத்துப் பக்கம் ஓடினார்கள். ஓடுகிற வழியில் பாக்கியம் சட்டென்று நின்றாள்.

"இந்தாங்க, வெள்ளச்சியக் கூப்பிட்டீங்களா?"

"அது செத்துப்போச்சே!"

"ஐயோ, கூப்பிடுங்க மனுஷா! இதுங்க ரெண்டும் கன்னா வந்த நாளையிலேருந்து வெள்ளச்சி பின்னாலதான் வயலுக்குப் போச்சுங்க. அது போனதுக்கப்புறம் அப்பா அது பேரக் கூப்பிட்டு முழுப்பேர் சொன்னாத்தான் காலத் தூக்கும்!"

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணைப் பார்த்தேன். அது திட்டுகிற கண்ணாக இல்லை. தோட்டத்தை விட்டு இறங்கிய வருஷம் வீட்டில் ஒன்றுமே இல்லாமல், வெள்ளச்சியின் பாலைக் குடித்துத்தான் பாக்கியம் வளர்ந்தாள் என்று அத்தை எப்போதோ சொன்னது அந்த நேரத்தில்தான் என் மண்டையில் ஏறியது. நானோ அதை வரிசையிலிருந்து வெட்டிவிட்டேன்!

எருமைகளுக்கு முன்னால் போய் நின்றேன். குடையை விரித்துக்கொண்டேன்.

"வெள்ளச்சி!"

எருமைகளின் காதுகள் நிமிர்ந்தன. பத்து எண்ணினேன். எட்டு இரண்டு தரம் வந்துவிட்டது.

"முழுப்பேர்!"

அவ்வளவுதான். இரண்டு தொரைமாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். முன்னால் நான் நிற்கிறேன் என்பதை நான் மறந்திருந்தேன், அவர்களுக்கு அது பொருட்டே இல்லை. ஓடினேன். வேலித் தட்டியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. வரப்பு, வாய்க்கால், களம் என்று விரித்த குடையோடு நான் முன்னால் ஓட, எருமைகள் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வந்தன. பக்கத்து வயலில் நின்றவர்கள் எல்லாரும் நான் எருமைகளை அழைத்துப் போகிறேன் என்றே நினைத்தார்கள். இன்றுவரை நான் அதை மறுத்ததில்லை.

களத்துக்கு வந்ததும் மாமா எருமை இரண்டையும் பிணைத்துக் கதிர்மேல் விட்டார். என்னால் நிற்க முடியவில்லை, ஆகவே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தேன். எருமைகளும் சுற்றின. தூறல் மிரட்டிக்கொண்டே இருந்ததே தவிர இறங்கவில்லை. அத்தையும் பாக்கியமும் வைக்கோலை உதறி உதறி நெல்லை அள்ளினார்கள். கடைசிக் கூடை வீட்டுக்குள் போனதும் வானம் உடைந்து கொட்டியது.

தாழ்வாரத்தில் எல்லாரும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். மாமா என் பக்கமாக நகர்ந்து வந்தார். வாயை அசைத்தார். காற்றுதான் வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது.

"முழுப்பேர்."

குரல் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கொடுத்தார் பாருங்கள்! ஊரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுநாள் குரல் வந்ததும் அதே கொம்பு, அதே வரிசை. "பிந்தி வந்திருக்கீங்க. அரைப்பேர்." அன்றைக்கு மட்டும் கீரைக்கு அடியில் ஒரு முழு முட்டை இருந்தது. அத்தை வைத்ததாகத்தான் நினைத்தேன். அத்தையோ, "நான் வைக்கலை மாப்பிள்ளை" என்றாள்.

இப்போது கொம்பு என்னிடம் இருக்கிறது. எருமைகள் வேறு, கண்டாக்கையாவும் வேறு. பாக்கியம் மட்டும் அதே ஆள். "இருக்கேன், இருக்கேன். ஒல கொதிக்குது" என்கிறாள். வரிசையாகக் கூப்பிட்டு, என் பெயரைத் தாண்டி, வெள்ளச்சிக்கும் முழுப்பேர் போடுகிறேன். ஆனால் எருமைகள் அத்தோடு நகருவதில்லை. இன்னொரு பெயருக்காக நிற்கின்றன. அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன்.

"பெரட்டு மாமா!"

பத்து எண்ணுகிறேன். கண்டாக்கையாகூட வாயைத் திறப்பதில்லை.

"முழுப்பேர்!"