ஒரு கல்கூடப் பெயரவில்லை

புதன்கிழமை காலை, இரண்டாவது கோப்பை காப்பிக்கும் மூன்றாவது கோப்பைக்கும் நடுவில், வில்ஹோ ஹெய்க்கினன் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஆம்பிளை யார் என்பதை நாளைக்கே காட்டிவிடுவது!

காட்டுவதற்கு அவரிடம் இருந்தது ஒரு சின்ன டிராக்டர். அதன் முன்னால் பனி தள்ளும் தகடு. வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை இருநூறு கஜம் சரளைப் பாதை. சுபீரியர் ஏரிக் காற்று நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரைக்கும் பனியைக் கொண்டுவந்து அதில் கொட்டும். தார் போட்ட பாதையில் யார் வேண்டுமானாலும் பனி தள்ளலாம். சரளை அப்படியில்லை. தகட்டை ஒரு விரல்கடை கூடுதலாக இறக்கினாலும் பனியோடு கல்லும் போய்ப் புல்தரையில் விழும். பிறகு மே மாதம் முழுக்கக் குனிந்து பொறுக்க வேண்டியதுதான். வில்ஹோ தள்ளினால் ஒரு கல்கூடப் பெயராது. இதைச் சொன்னவர் வில்ஹோ.

தள்ளி முடித்து உள்ளே வந்து அடுப்போர நாற்காலியில் சாய்வார். மனைவி லெம்பி முட்டிபோட்டு அவருடைய பூட்ஸைக் கழற்றி, கையில் காப்பியைக் கொடுப்பாள். நாற்பது வருஷப் பழக்கம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வில்ஹோ எந்த ராஜாவையும் மதிக்கமாட்டார்.

போன நவம்பரில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் நர்ஸிடம் சொன்ன முதல் வார்த்தையே, "பாதையை முழுசாத் தள்ளி முடிச்சிட்டுத்தாம்மா விழுந்தேன். இல்லாட்டி ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்திருக்குமா?" என்பதுதான். அடுத்த ஷிப்ட் நர்ஸிடமும் சொன்னார். பார்க்க வந்த பாதிரியாரிடம் இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் வரை டிராக்டர் கூடாது, மண்வாரி கூடாது, குளிரில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர். டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார். லெம்பி தினம் மூன்று வேளை சொன்னாள், மாத்திரையோடு.

"அப்ப பாதையை யாரு தள்றது?"

"பக்கத்து வீட்டு ரஸ்ஸல் வரேன்னிருக்கான்."

"ரஸ்ஸலா! அவன் தள்ளினா பனி இருக்கும், பாதை போயிடும்."

"நம்ம டிராக்டர்லயே பதமா பண்றேன்னான். நீங்க பேசாம தூங்குங்க."

தூங்கினார். மாத்திரை அப்படி. காது மெஷினையும் கழற்றி வைத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. எட்டு மணிக்கு எழுந்து ஜன்னலில் நின்றால் பாதை தயாராக இருக்கும்.

வில்ஹோவுக்கு வலித்ததே அங்கேதான். பாதை நன்றாக இருந்தது. ஓரம் நூல் பிடித்த மாதிரி. கல்லுக்கு மேல் சரியாக ஓர் அங்குலம் பனியை விட்டு, தபால் பெட்டியைச் சுற்றிக்கூட வழித்து எடுத்திருந்தது. ஒரு மாதமாகத் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ரஸ்ஸலுக்கே இது கைவருமென்றால் இந்த வீட்டுக்கு நான் எதற்கு? ராத்திரி சாப்பாட்டில் உருளைக்கிழங்கு அவருக்கு இறங்கவில்லை.

ஆகவே திட்டம். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு லெம்பி சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போனால் திரும்பப் பன்னிரண்டு ஆகும். பாதைக்கு முக்கால் மணி நேரம் போதும். வில்ஹோ ஃபோனை அலமாரிக்குள் இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"ரஸ்ஸல், நாளைக்கு நீ வர வேண்டாம்."

"எங்க பெரியவரே?"

"பாதை தள்ளத்தான்டா!"

"ஓ... அதுவா... ஆமாமா. வரலை. சத்தியமா வரமாட்டேன்."

"லெம்பிகிட்ட மூச்சு விடாதே."

"சேச்சே! நான் ஏன் விடறேன்?"

ரஸ்ஸல் ரொம்ப நல்லவன். அவன் வயிற்றில் ரகசியம் தங்காது என்பது வில்ஹோவுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது ஓர் அடிப் பனி. பாதையில் யாரும் கை வைக்கவில்லை.

"ரஸ்ஸல் ஏன் வரலைன்னு தெரியலையே" என்றாள் லெம்பி.

"சளி பிடிச்சிருக்கும்" என்றார் வில்ஹோ, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"போகட்டும். கூட்டத்துக்குப் போற அய்னோ, ரோட்டுல காரோட நிப்பா. நான் நடந்துபோய் ஏறிக்கறேன்." ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். ஊசியிலை மரங்களுக்குப் பின்னால் அவளுடைய சிவப்புத் தொப்பி மறைந்ததும் வில்ஹோ குதித்து எழுந்தார். டாக்டர் குதிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூட்ஸைக் காணோம். கதவோரம் இல்லை, அடுப்படியில் இல்லை. தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்று சர்ச்சுக்குப் போடும் செருப்பை மாட்டிக்கொண்டு, பத்தடி தள்ளியிருந்த கொட்டகைக்குள் நுழைந்தார். டிராக்டர் இருந்தது. ஆசையாகத் தடவிக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தார்.

முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன.

இருக்கை ஒரு சாண் முன்னால் தள்ளியிருந்தது. அதன்மேல் ஒரு மெத்தை. கூடத்து சோபாவில் காணாமல் போன பூப்போட்ட மெத்தை! இதற்காக நாயைத் திட்டியிருக்கிறார். ரஸ்ஸல் ஆறேகால் அடி. அவன் இப்படி உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும். வில்ஹோ யோசித்தார். இந்த வட்டாரத்தில் இந்த இருக்கைக்குள் அடங்கக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான்.

சாவிக்குக் கை நீட்டினார். சாவி இல்லை. அந்த இடத்தில் ஒரு சீட்டு தொங்கியது. "பக்கத்துல ஃபிளாஸ்க் இருக்கு. காப்பி ஆறுறதுக்குள்ள குடிங்க."

"குடிச்சாச்சா?" என்று குரல் கேட்டது. கொட்டகை வாசலில் சிவப்புத் தொப்பி.

"நீ... கூட்டத்துக்குப் போகலை?"

"ரஸ்ஸல் நேத்தே ஃபோன் பண்ணிட்டான். மரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். குளிர் தாங்கலை, வந்துட்டேன்."

"நீயா ஓட்டறே? பொம்பளை ஏறினா கியர் போயிடும்னு..."

"நீங்கதான் சொன்னீங்க. கியர் சொல்லலை."

"எப்பலேர்ந்து?"

லெம்பி கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "நவம்பர்லேர்ந்து. அன்னைக்கே."

"அன்னைக்கு நான்தானே முழுசும்..."

"பாதி வழியில அந்த பிர்ச் மரம் வரைக்கும்தாங்க தள்ளியிருந்தீங்க. மிச்சமெல்லாம் முழங்கால் பனி. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும்னாங்க. நீங்க அடுப்போரமா நீலமாக் கிடந்தீங்க. நான் என்ன பண்ணுவேன்? ஏறிட்டேன். எது கியர், எது பிரேக்குன்னு தெரியாது. அழுதுகிட்டே ஓட்டினேன். தகட்டைத் தரையோட வச்சு இழுத்ததுல கல்லு பூரா என் ஸ்ட்ராபெரி பாத்தியில கிடக்கு. மே மாசம் நீங்கதான் பொறுக்கணும். பொறுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலை."

வில்ஹோ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். இரண்டு நர்ஸுகள், ஒரு பாதிரியார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அந்த நர்ஸுகிட்ட அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்க. அப்பதான் உங்க முகத்துல ரத்தமே வந்தது. அதைப் போய்க் கெடுப்பேனா?"

வில்ஹோவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் குடும்பத்தில் அப்படி யாரும் பகலில் செய்ததில்லை. அவளுடைய கையுறையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

"ரெண்டாவது கியர்லதானே ஓட்டறே?"

"ரெண்டாவதுலதான்."

"அதான் சரி" என்று இறங்கினார். இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை.

வீட்டுக்குள் போய் ஜன்னலோரம் நின்று மேற்பார்வை பார்த்தார். "இடது! இடது!" என்று இரண்டு கையாலும் காட்டினார். லெம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் திருப்பினாள். ஒரு கல்கூடப் பெயரவில்லை.

முக்கால் மணி கழித்து உள்ளே வந்து, அடுப்போர நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டினாள். வில்ஹோ அவள் முன்னால் மெதுவாக முட்டிபோட்டு பூட்ஸைக் கழற்றினார். காலையில் அவர் தேடிய அதே பூட்ஸ். நுனியில் அவருடைய காலுறை இரண்டு ஜோடி திணித்திருந்தது.

"காப்பி எங்கே?" என்றாள் லெம்பி.