தங்கத் தகட்டுக்கு வைத்த பொட்டு

விருத்தாசலம்

அன்புள்ள ஜெயஸ்ரீ அண்ணிக்கு,

கயல்விழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இனியாவுக்குச் சளி குறைந்திருக்கிறது, பல் முளைக்கிறது. அங்கே ஸ்ரீமுஷ்ணத்தில் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டும். இருந்தால்தான் உங்கள் அம்மாவை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரும். போனில் சொன்னால் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்காகப் பாதியில் விட்ட ஆராய்ச்சியில் மறுபடி சேர வேண்டுமானால், திங்கட்கிழமை நல்ல தகடுகளோடு வரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். இல்லையென்றால் என் இடம் வேறொருவருக்கு. தகடு என்றால் கண்ணாடித் துண்டின்மேல் பேருக்குத் தங்கம் பூசியது. அதை நெட்டை, குட்டை என்று இருவகை மூலக்கூறுகள் கலந்த ஸ்பிரிட்டில் ஊறவைத்தால், யாரும் அதட்டாமலே அவை தலையைத் தங்கத்தில் ஊன்றி, வாலை மேலே நீட்டி, ஒற்றை அடுக்காக நெருங்கி நின்றுகொள்ளும். நம் வீட்டில் நாலு பேர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. விரல் பட்டால் போயிற்று. இதை அத்தையிடம் சொன்னேன், உங்கள் தம்பியிடம் சொன்னேன், பேச்சு வராத இனியாவிடமும் சொன்னேன். கேட்டது இனியா மட்டும்.

குழந்தையை விட்டு லேபுக்குப் போக முடியாமல் வீட்டிலேயே ஊறவைத்த அன்றே, "எலி செத்த நாத்தம் வருதுடி" என்று அத்தை பாட்டிலைத் தோட்டத்துக்கு விரட்டினார். அதையும் பொறுத்துக்கொண்டு, தகடுகளைக் கழுவி உலர்த்தி டப்பாவில் மூடிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா தங்கம் பார்க்க வந்து, "எத்தினி பவுனு வரும்?" என்று கேட்க, அத்தை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு தகட்டுக்கும் நட்டநடுவில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார். கேட்டால், "வூட்டுக்குத் தங்கம் வந்துருக்குது, பொட்டு வெக்காம அனுப்புவாங்களா? நீ பெரிய ஆளா வரணும்னுதான வெச்சேன்" என்கிறார். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

பீங்கான் கம்பெனியிலிருந்து வந்த உங்கள் தம்பி, "இதுக்கா அழுவுற? எங்க கம்பெனில கறை பட்டா தொடச்சிட்டு மறுபடி முக்குவோம்" என்று லுங்கி நுனியால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். பொட்டோடு தங்கமும் வந்துவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது சுத்தமான கண்ணாடி. அவர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கினால் மிக்சிகூட ஓடக்கூடாத வீடு இது. என் வேலை கெட்டதற்கு எனக்கு ஒரு டீ கிடைத்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள். எத்தனை மாதம் வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. அண்ணனுக்கு வணக்கம், வெண்பாவுக்கு முத்தம். பூவராகர் உங்களுக்குப் பொறுமை தரட்டும், இங்கே தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
கயல்விழி

பி.கு.: மூலை உடைந்ததென்று ஒதுக்கி வைத்த தகடு ஒன்று கிடைத்தது. ஊறப்போட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை நான் போனால் இனியா அத்தையிடம் மட்டும்தான் அழாமல் இருப்பாள். தயவுசெய்து அழைத்துப்போக வந்துவிடாதீர்கள். உங்கள் தம்பியிடம் ஒருநாள் லீவு போடச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார்.