கறுப்புப் பட்டியல் மீண்ட ரஃபியா பரணி

திராட்சைப் பந்தல்கள் பச்சைக் குடைபிடிக்கும் உத்தமபாளையத்தில், சுந்தரலிங்கம் ஏற்றுமதி நிலையத்துக் கணினிகள் ஏழினுக்கும் ஏக சக்கரவர்த்தினியாய் வீற்றிருந்தவளும், மறந்துபோன பாஸ்வேர்டுகளை மீட்டளிக்கும் வள்ளலும், பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாது உருவும் கைவண்மை உடையவளுமான ரஃபியா வாழி. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, மார்ச் மாதத்து வெயிலில், அவள் பொருத பெரும்போரைச் சொல்லக் கேளீர்.

துபாய் வியாபாரியை நோக்கி அவள் ஏவிய விலைப்பட்டியல் என்னும் கணை, கடல்தாண்டிப் பறந்து, வேற்றுக்கோட்டைக் கதவில் முட்டி, முனைமழுங்கி அவள் இன்பாக்ஸிலேயே வந்து விழுந்தது. 'குப்பை மெயில் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியலில் உங்கள் சர்வர் உள்ளது' என்ற வசை அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருந்தது. மாலைக்குள் விலை போய்ச் சேராவிடில் நானூறு பெட்டித் திராட்சை குளிரறையிலேயே கிடந்து வாடும்.

சினந்தெழுந்த ரஃபியா, பட்டியல்களை ஒருங்கே சோதிக்கும் இணையதளத்தில் தன் சர்வரின் எண்ணை இட்டாள். நாற்பத்திரண்டு பட்டியல்களும் படையணிகளென வரிசைகட்டி எழுந்தன. பச்சை, பச்சை என்று அடிபணிந்து வந்த அணிகளின் நடுவே, முப்பத்தொன்பதாம் வரியில் மட்டும், களத்தில் சிந்திய குருதித்துளிபோல் ஒரு சிவப்பு நின்றது.

கண்ட படத்தையெல்லாம் திறந்து வைரஸுக்கு வாயில் திறந்து, குப்பை மெயில் கிளம்ப வழிவிட்ட துரோகி எழுத்தர் ஒச்சாண்டியே என்று அவைநடுவே தீர்ப்புரைத்தாள்.

"லெட்டர் டைப் அடிக்கிறதத் தவிர நான் எதையும் தொடுறதில்லையே தாயி" என்றார் அவர்.

அவர் கணினியைத் துருவினாள்; பழுதில்லை. மேலும் ஐந்தைத் துருவினாள்; அவையும் கற்புடையன. எஞ்சியது ஏழாவது, அவளுடையது. சென்ற வாரம், 'ஆயிரம் மருதாணி டிசைன்கள் இலவசம்' என்று கூவிய ஒரு கோப்பை, பகைவன் அனுப்பிய பரிசுக் குதிரையை நகருக்குள் இழுத்த பேதையர்போல், தன் கையாலேயே இறக்கி வைத்திருந்தாள். அதன் வயிற்றிலிருந்து புறப்பட்ட வைரஸ், உடல் இளைக்கும் மாத்திரைக்கான விளம்பரத்தை மணிக்கு ஆயிரமாய் உலகெங்கும் தூவிக்கொண்டிருந்தது.

வாளுயர்த்திய கை தாழ, வெற்றிமுகம் கருக, ஒச்சாண்டியின் மேசைவரை அவள் நடந்த பதினோரு அடிகளும் பாலை கடந்ததற்கு ஒப்பாகும்.

"அண்ணே, வைரஸ் என் சிஸ்டத்துலதான் இருக்கு. உங்களப் போய் ஏசிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"அதுக்கென்ன தாயி. இங்கன உக்காரு, டீ சொல்றேன்."

அமர்ந்தாளில்லை. வைரஸைக் கிளையோடும் வேரோடும் கல்லி எறிந்தாள். பட்டியல்காரர்க்கு மன்னிப்போலை விடுத்தாள். இரண்டு மணிநேரம் இமைகொட்டாது காத்திருந்தாள். முப்பத்தொன்பதாம் வரியும் பச்சையாயிற்று. மீண்டும் ஏவிய கணை இம்முறை திரும்பவில்லை. முரசறைவார் இல்லாக் குறையைத் தன் செருப்போசையால் தீர்த்தபடி முதலாளி அறைக்குள் புகுந்தாள்.

"துபாய்க்கு வெல போய்ச் சேந்துருச்சுங்கய்யா."

சுந்தரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "அதக் காலையிலயே போன்ல பேசி முடிச்சிட்டேனேம்மா. லாரியும் கெளம்பிருச்சு."

ரஃபியா சாப்பிடப் போனாள்.