மூன்று தேசத்து சிப்ஸும் கிழங்கு அண்ணனும்

அன்றைய சிங்கப்பூரில் ஆங்கிலம் பேசிய அத்தனை பேரையும்விட ஆங்கிலத்தில் கறாரானவர் எங்கள் கேண்டீன் சமையல்காரர்தான். அவருக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகள் மொத்தம் பதினைந்து இருக்கும். அதில் ஒன்றைக்கூட யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கம். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். சமையல்காரர் தினமும் தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு பஸ் ஏறுவார். கண்டக்டருக்கும் அவர் 'கிழங்கு அண்ணன்'தான். சொந்தப் பெயர் கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

முன்பு வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சமைத்தவர். விரல் தடிமனில் நறுக்கிப் பொரித்தால் சிப்ஸ். காகிதம்போல் சீவிப் பொரித்தால் கிரிஸ்ப்ஸ். கம்பெனியை நடத்திய எங்கள் லண்டன் துரைக்கும் அதுவே வேதம்.

ஒருநாள் ஓர் அமெரிக்க இன்ஜினியர் வந்து சிப்ஸ் கேட்டார். அண்ணன் விரல் தடிமனில் கொண்டுவைத்தார். "சிப்ஸ்!" என்றார் அவர். அண்ணன் இன்னொரு தட்டு வைத்தார். மூன்றாவது தட்டில் அமெரிக்கர் மேசையைத் தட்டி எழுந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"மெல்லிசா, மொறுமொறுன்னு வேணுமாம்ணே."

"அது கிரிஸ்ப்ஸ்லா!"

"அவங்க ஊர்ல அதுதான் சிப்ஸாம். நீங்க வச்சது ஃபிரெஞ்ச் ஃபிரைஸாம்."

"பொரிக்கிறது நான். இதுல பிரெஞ்சுக்காரன் எங்கேர்ந்து வந்தான்?"

அடுத்த வாரம் வந்த ஆஸ்திரேலியக் கேப்டனோ, தங்கள் ஊரில் இரண்டுமே சிப்ஸ்தான் என்றார். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரெட்டைப் பிள்ளைக்கே ரெண்டு பேரு வைக்கிறோம் தங்கச்சி. இவங்களுக்கு என்ன கஞ்சத்தனம்?"

சிரித்தோம். ஆனால் அமெரிக்கர் எழுதிய புகார் துரையிடம் போயிருந்தது. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று துரை சொல்லிவிட்டார். வீட்டில் அண்ணனுக்கு நான்கு பெண்கள். அவருடைய கேலிப்பேச்சு அன்றோடு நின்றது.

பிறகு ஒருநாள் ஒரு கப்பல் ஒப்பந்தம் பேசத் துரை, அமெரிக்கர், கேப்டன் மூவரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மூவரும் கேட்டது சிப்ஸ்.

துரைக்குப் போன் வந்திருப்பதைச் சொல்லப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் மூன்று தட்டுகளோடு வந்தார். தடிமனும் இல்லை, மெல்லிசும் இல்லை. சதுரம் சதுரமாக நறுக்கி, மிளகாய்த்தூளும் சோம்பும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டிய நம் வீட்டு வறுவல். இன்னொரு புகார் நிச்சயம் என்று நினைத்தேன்.

முதல் வாயிலேயே அமெரிக்கருக்குக் கண்ணில் நீர். ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, மற்ற இருவரும் அப்படியே. மூன்று தட்டுகளும் காலியான பிறகு துரை நிமிர்ந்து, இதற்கு என்ன பெயர் என்றார்.

"கிழங்கு, சார்."

"கிலாங்கு."

விட்டுவிட்டு வந்திருக்கலாம். அண்ணனா விடுவார்?

"கிலாங்கு இல்ல சார், கிழங்கு. நாக்கை இப்படி மடிங்க."

ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று தேசத்துப் பெரிய மனிதர்களும் வாயைத் திறந்து நாக்கை மடித்துக்கொண்டிருந்தார்கள். போனில் காத்திருந்தவரை நான் அடியோடு மறந்துபோனேன். அதன்பின் துரை வாரம் இருமுறை கிலாங்கு கேட்பார். வேலையும் நிலைத்தது.

ஆறு வருடம் கழித்து ஆபீஸ் இடம் மாறியது, கேண்டீனை மூடினார்கள். போனை விட்டு நகர முடியாத நான், தினமும்போல் கடைசி நாளும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடப் போனேன். எனக்காக மூடி வைத்திருந்த தட்டை அண்ணன் எடுத்துவைத்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" அதுவரை நான் கேட்டதே இல்லை.

"நீ சாப்பிட்டாத்தானே தங்கச்சி நான் உக்காருவேன்" என்றார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

அவரைப் பிடித்து உட்காரவைத்து, அன்று நான் பரிமாறினேன்.