முப்பது நொடி வெளிச்சம்

என் வீட்டுக் கார் போர்ச்சுக்கு ஒரு விளக்கைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. என் கல்யாணத்தை முடிவு செய்ய ஒரு நாள்தான் ஆனது. (சரஸ் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள்.)

தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றபின் எண்ண மாத்திரை இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணினேன். எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில் தெருமுனையிலிருந்து கேட் வரை இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. போர்ச்சில் தொண்ணூற்றாறு தரை ஓடுகள். அங்கிருந்த பழைய குழல்விளக்கு தினமும் ஐந்து மணி நேரம் ஒரு காருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் மகள் கோமதிக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை தினேஷ், மெர்போக் ஊர். இருவரும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போனவர்கள். ஒரே சிக்கல், மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். முதல் முறை எங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோது பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில், செமிலிங்கிலேயே காரைத் திருப்பிவிட்டார். இன்னொரு பூனையை இந்தச் சம்பந்தம் தாங்காது என்று கோமதி அழுதே விட்டாள்.

விருந்தாளிகள் உட்காரப்போவது போர்ச்சில். நல்ல விளக்கு வேண்டுமென்று, மின்சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் நானாவிடம் நான்காவது தடவையாகப் போனேன்.

"எல்இடி அண்ணே. பதினெட்டு வாட்டுதான், ஆனா உங்க பழைய நாப்பதைவிட வெளிச்சம். ஆள் வந்தா தானா எரியும், போனா தானா அணையும்."

"எவ்வளவு நேரத்துல?"

"நீங்க திருகி வைக்கிறதுதான். பத்து நிமிசம் வைங்க."

"ஆள் போனப்புறம் பத்து நிமிசம் யாருக்கு?"

"ஆள் சும்மா உக்காந்திருந்தாலும் அதுக்கு ஆள் இல்லாத மாதிரிதான்லா. அசைஞ்சாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும்."

"எங்க வீட்டுல யாரும் சும்மா உக்கார மாட்டாங்க" என்றேன் பெருமையாக.

விளக்கைப் பொருத்தியவர் போனதும், நானே ஏணியில் ஏறி, நேரம் வைக்கும் திருகை ஆகக் குறைந்த அளவில் வைத்தேன். முப்பது நொடி. யாரும் பழையதை மறுபடி மாட்டிவிடக் கூடாதென்று குழல்விளக்கை அதன் சட்டத்தோடு பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டேன். பிறகு இருட்டில் போர்ச்சுக்குள் காலடி எடுத்து வைத்தேன்.

அந்த வெள்ளையை எப்படிச் சொல்வது? ஓசை இல்லை, சிமிட்டல் இல்லை. தொண்ணூற்றாறு ஓடுகளும் ஒரே கணத்தில் பிறந்ததுபோல் இருந்தன. அசையாமல் நின்றேன், அணைந்தது. கையை உயர்த்தினேன், வெளிச்சம் வந்தது. உலகத்தைப் படைத்தவனுக்கும் முதல் நாள் இப்படித்தான் உடல் சிலிர்த்திருக்கும். பதினேழு தடவை உயர்த்திப் பார்த்தேன். (பக்கத்து வீட்டார் சரஸிடம் துக்கம் விசாரிப்பதுபோல் என்னைப் பற்றி விசாரித்தார்களாம்.)

நிச்சயத்தன்று, நன்றாக இருட்டிவிட்ட நேரம். இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, "எல்லாரும் கண்ணை மூடி ஒரு நிமிசம் குலதெய்வத்தை நினைச்சுக்குங்க" என்றார்.

இருபத்தெட்டுப் பேரும் சிலையானார்கள். வழக்கப்படி எண்ணத் தொடங்கிய நான், இருபத்தைந்தில்தான் என்ன நடக்கப்போகிறதென்று உணர்ந்தேன். முப்பதில் இருட்டு.

குத்துவிளக்கின் வெளிச்சத்தில் சம்பந்தியம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன், விளக்கு எரிந்தது. "சின்னக் கோளாறு" என்றேன். பெரியப்பா நிச்சய ஓலையை வாசித்தார். எல்லோரும் மரியாதையாக, அசையாமல் கேட்டார்கள். மறுபடி இருட்டு, மறுபடி குதித்தேன். ஏணியில் ஏறித் திருகை மாற்றலாம். ஆனால் விளக்கு சம்பந்தியம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவர் தலைக்கு மேல் என் காலை வைத்தால் பூனையே தேவலை.

தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த அவர், கொடுக்காமல் அப்படியே நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அவரையே பார்த்தோம். அதனால்தான் மூன்றாவது தடவையும் அணைந்தது.

"மூணு தடவை" என்றார் அவர் மெதுவாக. என்னைப்போல் அவரும் எண்ணுகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது நாற்காலியிலிருந்து தினேஷ் வலது கையைத் தூக்கினான். வெள்ளை வெளிச்சம் பொங்கியது.

"ஒண்ணுமில்லம்மா. நான் கையத் தூக்குனா எரியுது, பாருங்க."

"மறுபடி அணையட்டும். இன்னொரு தடவை தூக்கு."

காத்திருந்தோம். அணைந்தது. தூக்கினான். எரிந்தது. அதைப் பார்த்த சம்பந்தியம்மாவின் வாய், விளக்கு போட்ட அன்று என் வாய் திறந்ததுபோலவே திறந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்த வீட்டு வெளிச்சம் என் பிள்ளை கையிலதான் இருக்கு" என்று சொல்லி, தட்டைச் சரஸிடம் கொடுத்தார்.

"அதை எங்க வீட்டுக்காரர்தான் அங்க கொண்டுபோய் வச்சாரு சம்பந்தி" என்றாள் சரஸ், என்னைப் பார்க்காமல்.

விருந்து பரிமாறி ஆட்கள் நடமாடத் தொடங்கும்வரை தினேஷ் கையை இறக்கவே இல்லை, ஆட்டிக்கொண்டே இருந்தான். நாற்பது நிமிடம். நான் பார்த்த இரண்டாவது அதிசயம் அது. மறுநாள் திருகைப் பத்து நிமிடத்துக்கு மாற்றினேன்.

நிச்சயப் படங்கள் ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்றில் மாப்பிள்ளையின் வலது கை தலைக்கு மேலே இருக்கிறது. போன வாரம் என் நான்கு வயதுப் பேத்தி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா ஏன் எல்லாருக்கும் டாட்டா காட்டுறாரு?" என்று கேட்டாள்.

"உன் தாத்தா கரண்ட்டு மிச்சம் பிடிச்சாரு" என்றாள் சரஸ்.