பைனல் இயர் சித்தப்பா

யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போகாத பிள்ளையை ஊர் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அதே பிள்ளை கம்பசுக்கு எடுபட்ட பிறகும் ரியூசனுக்குப் போனால் அது வீட்டு மானப் பிரச்சினையாகிவிடும். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரைக்கும் ஊரறிய நடந்த காரியம், பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் மறைவில் நடக்கவேண்டும். ("கம்பஸ் போயும் ரியூசனோ?" என்ற கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் மறுமொழி கண்டுபிடிக்கவில்லை.)

இது தெரிந்திருந்தும் நான் எங்கள் தீவில், இறுப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று ஒரு கற்றல் உதவி நிலையம் தொடங்கினேன். புள்ளிவிபரவியலில் பட்டம் எடுத்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. காத்திருக்கிற பட்டதாரிக்குத் திட்டம் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இடம் தந்தவர் சுவிஸ் தியாகு மாமா. சொந்த மாமா இல்லை. என் ரத்தினம் சித்தப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர். இளவயதில் ஊரை விட்டுப் போனவர், பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திருத்தி, கதிரைகளும் வெள்ளைப்பலகையும் இணைய இணைப்பும் போட்டுத் தந்தார். ஒரேயொரு நிபந்தனை: ஆட்கள் வரவேண்டும். வராவிட்டால், திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குகிற விடுதியாக வீட்டை மாற்றிவிடுவார்.

ஆட்கள் வந்தார்கள். முன் கேற்றால் அல்ல, பின்வளவு வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் குனிந்து, ஒருவர் போனபின் மற்றவராக வந்தார்கள். ஒருத்தி கையில் கீரைக் கட்டோடு வருவாள், யாரும் கண்டால் கீரை கொடுக்க வந்ததாகச் சொல்வதற்கு. (பாடம் முடிந்ததும் கீரையைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவாள்.) நிலோஜினி இன்னும் ஒருபடி மேல். குசினிக் கதவால் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் குசினியிலேயே இருந்து படிப்பாள். வணிகப் புள்ளிவிபரவியலில் இரண்டு தரம் தவறியிருந்தாள். மூன்றாம் தரமும் தவறினால் அவளுடைய பட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லமுடியாது. அவளுடைய பாரிஸ் பெரியம்மாவோ, தன் பெறாமகள் நிலோஜினி வகுப்பில் முதலாம் ஆள் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை தியாகு மாமா போன் எடுத்தார்.

"பிள்ளை, இண்டைக்குப் பின்னேரம் வகுப்பை நேரலையில போடுவம். எங்கட சனம் எல்லா நாட்டிலயும் பாக்க வேணும் எண்டு நிக்குது. படிக்கிற பிள்ளையள் இருக்கினமெல்லோ?"

"ஓம் மாமா, கனபேர்."

அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கனபேரில் ஒருவரும் கமராவுக்கு முன்னால் வரத் தயாரில்லை. நான் கேட்டவுடன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. கீரைக்காரி, "அக்கா, உங்களை எனக்குத் தெரியாது எண்டே சொல்லுவன்" என்றாள். பெயரை வெளியில் விடமாட்டேன் என்று எல்லோருக்கும் முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (வராமல் இருந்திருக்கலாம்.) போனை அறையின் பின்பக்கத்தில் வைத்தால் முதுகுகள் மட்டுமே தெரியும். முதுகுக்கு வயது இல்லை. ஒரு முதுகு எந்தப் பீடத்திலும் படிக்கலாம்.

அம்மா, சித்தப்பா, அயலில் சும்மா இருந்த இன்னும் சிலர் என்று கதிரைகளை நிரப்பிவிட்டேன். சித்தப்பா தெற்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர், அறுபதைத் தாண்டியவர். மற்றவர்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். அவர் மட்டும் "கம்பஸ் பெடியள் இப்ப எப்பிடித் தலை வெட்டுறவை?" என்று விசாரித்து, சந்திச் சலூனுக்குப் போய், பின்னந்தலையை மேல்வரைக்கும் வழித்து, மிச்சத்துக்கு டை அடித்து, நீலச் சேட்டோடு வந்து நின்றார். இவ்வளவு காலமும் தலைமயிருக்குள் கிடந்த அவருடைய பிடரி அன்றைக்குத்தான் வெளிச்சம் கண்டது. அதில் வளைந்த ஒரு தழும்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு சித்தப்பா" என்றேன்.

"மாமா கேட்டா குரல் பின்னால போனில இருந்து வரும். ஆரும் திரும்பக்கூடாது," என்று விளங்கப்படுத்தினேன். "ஏதும் கேட்டா 'பைனல் இயர்' எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"எனக்கு ஏலாது," என்றார் அம்மா. "ஆரும் கூப்பிட்டா நான் திரும்பிப்போடுவன்."

"அப்ப நீங்கள் கதைக்காமல் எழுதிக்கொண்டு இருங்கோ."

அம்மா எழுதினார். பிறகு பார்த்தபோது தாள் முழுக்கப் பிள்ளையார் சுழி.

போனைப் பின்சுவர் அலுமாரியில் சாத்தி வைத்துவிட்டு நேரலையைத் தொடங்கினேன். "எமது தீவின் மாணவச் செல்வங்கள்" என்று ஆரம்பித்து, நான் வாழ்க்கையில் பாவித்திராத சொற்களையெல்லாம் பாவித்தேன். மாணவச் செல்வங்களில் ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு சூத்திரம் எழுதத் தொடங்கும்போது, நேரலையில் இணைந்திருந்த தியாகு மாமாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"முன்னுக்கு இருக்கிற நீலச் சேட் தம்பி என்ன படிக்கிறார்?"

"பைனல் இயர்," என்றார் சித்தப்பா, அசையாமல்.

"சந்தோசம். எந்தப் பீடம்?"

"பைனல் இயர்."

"ஓ. பேர் என்ன தம்பி?"

சித்தப்பா சற்று யோசித்தார். "பைனல் இயர்," என்றார், இம்முறை இன்னும் பணிவாக.

நான் பலகைப் பக்கம் திரும்பினேன். எழுதிக்கொண்டிருந்த சூத்திரத்தின் சமன் குறியை நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டிக்கொண்டே போனேன். அது பலகையின் மறுகரை வரைக்கும் போயிற்று.

"பிள்ளை," என்றது குரல், "போனைக் கையில எடும். எடுத்து அந்தத் தம்பியின்ர பிடரிக்குக் கிட்டக் கொண்டுபோம்."

கொண்டுபோனேன்.

"டேய் ரத்தினம்! திரும்படா!"

சித்தப்பா திரும்பினார். கட்டளை எல்லோருக்கும்தான் என்று நினைத்து வகுப்பு முழுவதும் ஒன்றாகத் திரும்பியது.

"அந்தத் தழும்பு நான் பனங்கருக்குமட்டையால போட்டதடா! அதுக்கு வாத்தியிட்ட நான் வாங்கின அடி இன்னும் நோகுது. உன்ர பிடரி எனக்குத் தெரியாதோ?"

"தியாகண்ணை, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார் அம்மா.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து சிரிக்கிற முகங்கள் திரையில் கொட்டின. தியாகு மாமா சிரிக்கவில்லை.

"பிள்ளை, படிக்கிற ஆக்கள் எங்க? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும். நான் வீட்டை மற்ற அலுவலுக்குக் குடுக்கிறன்."

"இருக்கினம் மாமா. ஆனா…"

"ஆனா?"

ஆனாவுக்குப் பிறகு சொல்ல என்னிடம் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றைச் சொல்லமுடியாது. போனை நீட்டிப் பிடித்தபடி நின்றேன்.

குசினிக் கதவு திறந்தது. இன்றைக்கு வரவேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்ன நான், ஒரு ஆளுக்கு மட்டும் சொல்ல மறந்துபோயிருந்தேன்.

"அக்கா, ஒரு மணித்தியாலமாக் குசினிக்க இருக்கிறன்," என்றாள் நிலோஜினி, கையில் கல்குலேற்றரோடு. "எனக்கு நாளைக்குச் சோதனை. உங்கட நாடகம் எப்ப முடியும்?"

போன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பதறித் திருப்பப் பார்த்தேன். அதற்குள் அவள் கண்டுவிட்டாள். ஒரு தடவை குசினியைத் திரும்பிப் பார்த்தாள். போயிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது.

"ஆர் பிள்ளை நீர்?" என்றார் மாமா.

"நிலோஜினி," என்றாள். "ரெண்டு தரம் பெயில் விட்டனான் மாமா. இப்ப ரிப்பீற், மூண்டாந்தரம் எழுதுறன். உங்கட குசினியிலதான் படிக்கிறனான். இன்னும் கனபேர் வருகினம். பேர் சொல்லமாட்டன்."

பாரிஸ் பெரியம்மா அந்த இடத்தில் நேரலையை விட்டு வெளியேறினார். (திரை அதைக் காட்டவில்லை. பிறகு போனில் அவரே அறிவித்தார், நீண்ட நேரம்.)

தியாகு மாமா கேட்டார்:

"ஏன் பிள்ளை குசினிக்க? நான் கதிரை போட்டுத் தந்தனானெல்லோ?"

"கதிரை இருக்கு மாமா," என்றாள் நிலோஜினி. "அதில ஆக்கள் இருக்கினம்."

"டேய் பைனல் இயர்," என்றார் மாமா. "எழும்பி அந்தப் பிள்ளைக்குக் கதிரையைக் குடு."

சித்தப்பா எழும்பிக் கொடுத்தார். நான் சமன் குறியை அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். நேரலையை நிறுத்தும்படி ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை. கருதுகோள் சோதனைப் பாடம் முழுவதும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயிற்று. எழும்பலாம் என்று சொல்ல ஆளில்லாததால் மற்ற முதுகுகளும் கடைசிவரை இருந்தன. நான் பலகையில் ஒரு எல்லைக் கோட்டைக் கீறியபோது சித்தப்பா சுவரோடு சாய்ந்து நின்றபடி, "பிள்ளை, அந்தக் கோட்டுக்கு அங்கால விழுந்தா என்ன செய்யிறது?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றுள் அதுதான் நல்ல கேள்வி.

நிலோஜினி சாதாரணப் புள்ளிகளோடு சித்தியடைந்தாள். வீடு விடுதியாகவில்லை. அவள் பெயில் விட்ட சங்கதி எல்லா நாட்டுக்கும் தெரிந்த பிறகும் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதைக் கவனித்த மற்றவர்கள், மெல்ல மெல்ல முன் கேற்றால் வரத் தொடங்கினார்கள். கீரைக்காரி அடுத்த கிழமையே வெறுங்கையோடு வந்தாள். நான் பிறகு ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதுகு மட்டும் தெரிகிற படம் ஏதும் மேசைக்கு வந்தால், யார் யார் என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் விடுவதில்லை.

சித்தப்பாவை ஊரில் இப்போது யாரும் ரத்தினம் என்று கூப்பிடுவதில்லை. மீன் வாங்கப் போனாலும் "பைனல் இயர் வந்திட்டார், நல்லதாப் போடு" என்கிறார்கள். போன திருவிழாவுக்குத் தியாகு மாமா ஊருக்கு வந்தார். வான் வண்டியால் இறங்கியவர், வரவேற்க நின்ற எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு சித்தப்பாவுக்குப் பின்னால் போய் நின்றார். சேட் கொலரை விரலால் இறக்கிப் பார்த்து, ஆள் சரிதான் என்று தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"என்னடா, பைனல் இயர் முடிஞ்சுதோ?"

"எங்க முடியிறது," என்றார் சித்தப்பா, திரும்பாமல். "ரிப்பீற்."