மூன்றாவது பாட்டில் ஒரு தாவல்

இசைத்தட்டு உடைந்த சத்தம் கேட்ட பிறகும் பல் செட்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் உண்மை தெரிந்துவிடும்.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இடுப்பு."

மனைவி வந்து பார்த்தாள். அவருக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது.

"ஐயோ, அப்பாவோட தட்டு!"

பதினொரு வருஷமாக மாமனார், பல் செட் செய்து கொடுக்கும் இந்த மாப்பிள்ளையிடம் பல்வலியைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. இப்போது தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று முதல் முறையாக ஒரு பொருளை நம்பிக் கொடுத்திருந்தார். ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பம். "ஒரு வாரம் பத்திரமா வெச்சிருங்க" என்று கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். தூசி தட்டி வைக்கலாமே என்று இவர் அதை உறையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தார். போன் வந்தது. உட்கார்ந்து பேசினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

"உறை முழுசா இருக்கு. உள்ள வேற தட்டு வாங்கிப் போட்டுட்டா தீந்துது" என்றார்.

பழைய இசைத்தட்டுக் கடையில் ஒன்று கிடைத்தது. அன்று மாலையே போட்டுக் கேட்டார்கள். மூன்றாவது பாட்டில் மனைவி கன்னத்தில் கை வைத்தாள்.

"தாவல."

"எது தாவல?"

"அப்பா தட்டுல இந்த எடத்துல ஒரு கீறல் உண்டு. பாடுறவன் மூச்சை இழுப்பான். ஊசி தாவி நேரா டிரம்ல போய் விழும். அப்பாவும் அவர் சிநேகிதங்க மூணு பேரும் மாசாமாசம் உக்காந்து கேக்கறதே அதுக்குத்தான். அங்க விட்டுப்போன இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இருபது வருஷமா சண்டை. ஒருத்தர் 'அம்மா'ங்கறார், ஒருத்தர் 'போயிட்டு வரேன்'ங்கறார்."

"கீறல் இல்லாத தட்டு ஒண்ணு வாங்கிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சண்டை முடிஞ்சிடாதா?"

அந்த இடத்தை மறுபடி வைத்துக் கேட்டார்கள். பாடகன் பாடியது "லா லா லா". பாவம், வரி மறந்துபோயிருக்க வேண்டும்.

பல் செட்காரருக்குத் தன் கைமேல் நம்பிக்கை இருந்தது. முடியளவு பிசகினாலும் வாயில் நிற்காத பல்லையே செய்கிறவருக்கு ஒரு கீறல் எம்மாத்திரம்? பல்லை ராவும் மெல்லிய கருவியால் லேசாகத் தொட்டார். ஊசி அங்கிருந்து சறுக்கிக்கொண்டு போய் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் நின்றது.

மறுபடி கடைக்கு ஓடினார். இரண்டாவது தட்டில் பாடகன் "லா லா" என்று அங்கேயே சுற்றத் தொடங்கி, மனைவி வந்து ஊசியைத் தூக்கும்வரை சுற்றினான். மூன்றாவது தட்டு கச்சிதமாகத் தாவியது. ஆனால் நாலாவது பாட்டில். இதற்கிடையில் பல் செட்டுக்குக் காத்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் நாலு நாளாகச் சூப்பிலேயே உயிர் வாழ்ந்தார்.

கடைக்காரர் நாலாவது தட்டை உடனே தரவில்லை.

"இதுதான் கடைசி. அப்படி என்ன புடிச்சுப்போச்சு இதுல? சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

பல் செட்காரர் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த ஒரு பாட்டையே நூறு தடவை கேட்டிருந்தார். முதல் நாள் அது பாத்திரம் உருளுகிற சத்தமாகத்தான் இருந்தது. எப்போது மாறியதென்று அவருக்கே தெரியவில்லை.

"டிரம்காரன் கொஞ்சம் முந்திடறான். கிட்டார்காரன் அவனைப் புடிக்க ஓடறான். பாடறவனுக்கு வரி மறந்துபோகுது. ஆனா ஒருத்தனும் நிறுத்தல. இன்னொரு தட்டு போட விடுவாங்களான்னே தெரியாத பசங்க. அந்தப் பயம் அப்படியே கேக்குதுங்க. மொத பல் செட் செஞ்சப்ப எனக்கும் கை இப்படித்தான் நடுங்குச்சு."

கடைக்காரர் தட்டைத் துடைத்துக் கொடுத்தார். இதையா கீறப் போகிறோம் என்று பல் செட்காரருக்கு இருந்தது. ஆனாலும் கீறினார். அது தாவியது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை. சிநேகிதர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். இந்த இரைச்சலே ஆகாது என்று மாமியார் வழக்கம்போலச் சமையலறைக்குப் போய்விட்டார். பல் செட்காரர் கதவோரம் நின்றார்.

மூன்றாவது பாட்டு. பாடகன் மூச்சை இழுத்தான். ஊசி தாவியது. டிரம் விழுந்த அதே கணத்தில் நாலு கைகள் நாலு நாற்காலிகளில் ஓங்கித் தட்டின. பல் செட்காரரின் கையும் தன்னை அறியாமல் கதவில் தட்டியது.

மாமனார் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. அங்க என்ன வார்த்தை?"

பதினொரு வருஷத்தில் பல்லைப் பற்றி இல்லாத முதல் கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆண் பிள்ளை அந்த அறையில் இவர்தான்.

"சொல்ல வந்தது ஏதோ இருந்திருக்கு மாமா. வாய்ல வரல."

மாமனார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்படி வந்து உக்காருங்க. ஏன் நிக்கறீங்க?"

உட்காருவதற்கு முன் பல் செட்காரர் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் பக்கம் முழுக்க மாமனார் அவர் காதருகில் குனிந்து, எந்த இடத்தில் யார் பிசகுகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு மனிதரை இத்தனை வருஷம் இழந்திருந்தோமே என்று பல் செட்காரருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"மாப்பிள்ளை, மேல இருக்கிற டம்ளரை எடுத்துக் குடுங்க" என்று மாமியார் கூப்பிட்டார்.

சமையலறைக்குள் போனார். மாமியார் கதவைச் சாத்தினார். கூடத்தில் 'அம்மா'வா, 'போயிட்டு வரேன்'னா என்று சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை தட்டு வீணாச்சு?"

பல் செட்காரர் எடுத்த டம்ளரை மறுபடி மேலேயே வைத்தார். "மூ... மூணு, அத்தை."

"தொழில் தெரிஞ்ச கை. அன்னிக்கு நான் ஒடைச்சப்ப எனக்கு ஏழு வீணாச்சு."